சாவி அவர்களிடம், பொறுப்பு மட்டும் நம்மிடமா?

2023 டிசம்பர் தொடக்கத்தில், பிளேஸ்டேஷன் கருவி வைத்திருந்தவர்களுக்கு சோனி நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. டிஸ்கவரியின் தொலைக்காட்சித் தொடர்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கணக்குகளிலிருந்து அவை அனைத்தும் டிசம்பர் 31 அன்று நீக்கப்படும் என்றது. உள்ளடக்கம் தந்தவர்களோடு செய்துகொண்ட உரிம ஏற்பாடுதான் காரணம் என்றது. கூடவே வந்த பட்டியலில் 1,300-க்கும் மேற்பட்ட சீசன்கள் இருந்தன. பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கண்டனம் எழுந்தபின், அந்த மாதம் முடிவதற்குள் சோனி பின்வாங்கியது. புதிய ஏற்பாட்டின்படி குறைந்தது 30 மாதங்களுக்கு அவற்றைப் பார்க்கலாம் என்று சொன்னது. முழு விலை கொடுத்து வாங்கியவர்கள், முப்பது மாத நீட்டிப்பு கிடைத்ததற்கே நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டியிருந்தது.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு பதிலும் வந்துவிடுகிறது. "நீங்கள் எதையும் வாங்கவில்லை, பயன்படுத்தும் உரிமம்தான் பெற்றீர்கள். விதிமுறைகளில் எழுதியிருக்கிறது, ஒப்புக்கொண்டுதானே பொத்தானை அழுத்தினீர்கள்? கடைக்காரர் காலம் பூராவும் உங்களுக்காக சர்வர் நடத்திக்கொண்டிருக்க முடியுமா? அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும்." நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைச் சொன்னால் அது அவருடைய தொழில் என்று விட்டுவிடலாம். ஆனால் பறிகொடுத்தவரைப் பார்த்துச் சக வாசகர் இதைச் சொல்கிறார். கணினி தெரிந்த நண்பர் சொல்கிறார். தொழில்நுட்பப் பத்தி எழுதுகிறவர் சொல்கிறார். நியாயமான, நடைமுறை அறிந்த நிலைப்பாடாக இது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அது நியாயமும் இல்லை, நடைமுறையும் இல்லை என்பதுதான் என் வாதம்.

அந்தப் பதிலின் தலையும் வாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நாம் பெற்றது வெறும் உரிமம், கோப்பு நம்முடையது இல்லை என்றால், அதை நகலெடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நம்மை எப்படிக் கடிந்துகொள்ள முடியும்? விற்கப்படும் மின்நூல்களிலும் படங்களிலும் பெரும்பாலானவை டி.ஆர்.எம். என்னும் மென்பொருள் பூட்டோடு வருகின்றன. கோப்பை நூறு இடங்களில் நகலெடுத்து வைத்தாலும், கடையின் சர்வர் சாவி கொடுக்கும்வரைதான் அது திறக்கும். பூட்டை உடைத்து நகல் எடுக்கலாம் என்றால், அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. சட்டம் உடைப்பதையே தடைசெய்கிறது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. 'நோக்கம்' என்ற நிபந்தனை நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் தான் வாங்கிய நாவலைப் பத்திரப்படுத்துவதற்காக ஓர் ஆசிரியையோ அஞ்சல் ஊழியரோ பூட்டுடைக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நடைமுறை?

சட்டம் இருக்கட்டும், வசதியாவது விட்டுவைத்தார்களா? கிண்டில் மின்நூலைக் கணினியில் இறக்கி, யூ.எஸ்.பி. கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வழி பல ஆண்டுகளாக இருந்தது. 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் அதை நிறுத்திவிட்டது. 'நகல் எடுத்து வைத்திருக்க வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள், நகல் எடுக்கும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

நான் சொல்ல வருவது இதுதான். காகிதப் புத்தகத்தைப் பாதுகாப்பது என் பொறுப்பு. மழையில் நனையவிட்டால், இரவல் கொடுத்துத் தொலைத்தால், கடைக்காரரிடம் போய் இன்னொன்று கேட்க எனக்கு முகம் இருக்காது. ஏனென்றால் அதைக் காப்பாற்றுவதற்கான எல்லா வழியும் என் கையில் இருந்தது. பூட்டுப் போட்ட மின்நூலில் அந்த வழிகளை எல்லாம் விற்றவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். பாதுகாக்கும் அதிகாரம் யாரிடம் போனதோ, பாதுகாக்கும் கடமையும் அவரிடம்தான் போகும். ஆகவே, வாங்கியதை மறுபடி பதிவிறக்கம் செய்ய அனுமதிப்பது கடைக்காரர் காட்டும் சலுகை ஆகாது. நான் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் தடுத்த நகலுக்கு ஈடாக அவர் பட்ட கடன் அது. கடனை அடைக்க விருப்பமில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இது புதுமையான சித்தாந்தம் ஒன்றும் இல்லை. வங்கி லாக்கர் விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் கிட்டத்தட்ட இதையே சொன்னது. கொல்கத்தாவில் ஒருவர் வாடகை கட்டவில்லை என்று சொல்லி, அவருக்குத் தெரிவிக்காமலேயே வங்கி அவருடைய லாக்கரை உடைத்துத் திறந்திருந்தது. வாடகையோ ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வங்கிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பேச்சை நீதிமன்றம் ஏற்கவில்லை. வங்கியின் உதவியில்லாமல் வாடிக்கையாளரால் லாக்கரைத் திறக்கவே முடியாது. மின்னணு லாக்கர்கள் வந்துவிட்ட காலத்தில் அவர் முழுக்க முழுக்க வங்கியின் தயவில் இருக்கிறார். அப்படியிருக்க, பொறுப்பைக் கைகழுவும் நிபந்தனைகளை வங்கி தன்னிச்சையாக அவர்மீது சுமத்த முடியாது என்று தீர்ப்பு சொன்னது. ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி புதிய லாக்கர் விதிகளைக் கொண்டுவந்தது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குவரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை.

லாக்கருக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டுகிறோம், மின்நூலுக்கு ஒருமுறைதானே பணம் கொடுத்தோம் என்று இடையில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் லாக்கரில் வைப்பதும் வைக்காததும் என் விருப்பம், நகையை வீட்டு அலமாரியிலும் வைத்துக்கொள்ளலாம். இங்கே வேறு இடத்தில் வைக்கவே விடாமல், தன் பெட்டகத்தில்தான் வைத்தாக வேண்டும் என்று விற்றவரே நிர்ப்பந்திக்கிறார். வற்புறுத்திப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னவர், வாடகை வரவில்லை என்று பெட்டியைக் காலி செய்ய முடியாது. அந்தச் செலவை அவர் விலையிலேயே கணக்கிட்டிருக்க வேண்டும்.

அடுத்தது உரிமம் என்ற வாதம். இதைப் பேசுகிறவர்கள், கணினி வந்த பிறகு தோன்றிய தவிர்க்க முடியாத தொழில்நுட்ப உண்மை போல இதைச் சொல்கிறார்கள். உண்மையில் இது நூறாண்டுக்கு மேல் பழைய தந்திரம். அமெரிக்காவில் பாப்ஸ்-மெர்ரில் என்ற பதிப்பகம் 1904-இல் வெளியிட்ட ஒரு நாவலின் முன்பக்கத்தில் ஓர் அறிவிப்பை அச்சிட்டிருந்தது. சில்லறை விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் இல்லை, மீறினால் பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும் என்றது. நியூயார்க்கில் மேசிஸ் அங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் 89 காசுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1908-இல் தீர்ப்பு வந்தது. புத்தகத்தை விற்றபின் அதன் எதிர்காலத்தை ஒரு துண்டு அறிவிப்பால் கட்டுப்படுத்த பதிப்புரிமை இடம் தரவில்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பழைய புத்தகக் கடைகள் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்கு இந்த வகைச் சிந்தனையே அடித்தளம்.

அன்று தோற்றுப்போன அதே அறிவிப்புதான் இன்று பதினெட்டுப் பக்கமோ இருபது பக்கமோ நீண்டு, 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அச்சிட்ட தாளில் செல்லாதது திரையில் செல்லுமா என்பதில் உலக நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல் ஆரக்கிள் வழக்கில், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தோடு ஒரு விலைக்குத் தரப்படும் மென்பொருள் பதிவிறக்கம் விற்பனைதான் என்றது. அதே நீதிமன்றம் 2019-இல் பழைய மின்நூல்களை மறுவிற்பனை செய்யும் வழக்கில் எதிர்த்திசையில் போனது. ஆக, 'இது உரிமம்தான், தீர்ந்துபோன விஷயம்' என்று யாராவது சொன்னால், அது தீரவில்லை என்று சொல்லுங்கள். நம் நாட்டிலும் இது முடிந்த கதை இல்லை. குறுந்தகட்டில் விற்கும் மென்பொருளுக்கு விற்பனை வரி கேட்டபோது, அது அறிவுச்சொத்து, சரக்கு ஆகாது என்று டாடா கன்சல்டன்சி நிறுவனம் வாதாடியது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரக்கு என்றே தீர்ப்பளித்தது. வரி வசூலிக்கும்போது பொருளாக இருப்பது, வாங்கியவர் உரிமை கேட்கும்போது மட்டும் காற்றில் கரைந்துவிடக் கூடாது.

ஒப்புக்கொண்டுதானே அழுத்தினீர்கள் என்ற கேள்விக்கும் நம் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழிசெய்யும் நிபந்தனை அந்த வரையறையில் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. கையெழுத்துப் போட்டார் என்பதாலேயே எல்லா நிபந்தனையும் செல்லும் என்றால் இப்படியொரு பிரிவை நாடாளுமன்றம் எழுதியிருக்கவே வேண்டாம். பேரம் பேச இடமில்லாத, ஒரு சொல்லைக்கூட மாற்றக் கேட்க முடியாத ஒப்பந்தத்தை எல்லோரும் படித்துச் சம்மதித்ததாகப் பேசுவது நேர்மையான பேச்சு ஆகாது.

சர்வர் செலவு வாதத்துக்கு வருகிறேன். இதுதான் அதிகம் பேரை மயக்குகிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 'எம்.எஸ்.என். மியூசிக்' என்ற பெயரில் பாட்டுக் கடை நடத்தியது. 2006-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. 2008 ஏப்ரலில், முன்பு வாங்கியவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பாடல்களுக்கான சாவிகளைத் தரும் சர்வர் நிறுத்தப்படும். ஏற்கெனவே அனுமதி பெற்ற கணினியில் பாட்டு ஒலிக்கும், புதுக் கணினிக்கு மாற்ற முடியாது. இங்கே நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். பாட்டுக் கோப்புகள் வாங்கியவர்களின் கணினியிலேயே இருந்தன. யாரும் பெரிய கோப்புகளை மறுபடி மறுபடி இறக்கித் தரச்சொல்லவில்லை. கடை நிறுத்தப் பார்த்தது, சில நூறு எழுத்துகள் அளவேயான சாவியைத் தரும் வேலையை. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு அது தாங்க முடியாத சுமை என்று யாராவது நம்புகிறார்களா? கண்டனம் வலுத்ததும் 2011 இறுதிவரை அந்த சர்வரை ஓடவிட ஒப்புக்கொண்டார்கள். அதே 2008-இல் யாஹூவும் தன் பாட்டுக் கடையை மூடியது, பாட்டுகளைக் குறுந்தகட்டில் பதிந்துகொள்ளுங்கள் என்றது. பூட்டைப் போட்டவர்களே, பூட்டில்லாத நகலை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன விசித்திரம் அது. பூட்டில்லாத நகலைக் கடைசி நாளில் தர முடியும் என்றால் முதல் நாளிலேயே தந்திருக்கலாம்.

ஆகவே செலவு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பூட்டைப் பராமரிக்கும் செலவு. அந்தப் பூட்டு என் வேண்டுகோளின் பேரில் போடப்படவில்லை. அது கடைக்காரருக்கும் உரிமையாளருக்கும் பயன்படும் பூட்டு, செலவும் அவர்களைச் சேர்ந்தது. செலவைக் குறைக்க விரும்புகிறவர் பூட்டைக் கழற்றலாம். ஜி.ஓ.ஜி. என்ற விளையாட்டுக் கடை ஆண்டுக்கணக்காக அப்படித்தான் விற்கிறது. விளையாட்டை நிறுவும் கோப்பை இறக்கி வன்தட்டில் வைத்துக்கொண்டால், நாளைக்கு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் விளையாட்டு ஓடும். அப்படி விற்கிற கடையிடம் 'எனக்காக என்றென்றைக்கும் சர்வர் நடத்து' என்று கேட்க மாட்டேன். அங்கே கோப்பைப் பாதுகாப்பது மறுபடியும் என் பொறுப்பு, அதை மகிழ்ச்சியோடு ஏற்பேன். நிண்டெண்டோ பூட்டோடு விற்கிற நிறுவனம்தான். 2023 மார்ச்சில் 3டி.எஸ்., வீ யூ கருவிகளுக்கான கடைகளை மூடியபோது புதிய விற்பனையை நிறுத்தியது, ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி பதிவிறக்கும் வழியை விட்டுவைத்தது. கடையை மூடுவதும் வாங்கியவரைக் கைவிடுவதும் வேறு வேறு செயல்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்முனையில் யுபிசாஃப்ட். 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை 2014-இல் வெளியிட்டது. தனியாக ஒருவர் ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று அதை வடிவமைத்திருந்தார்கள். 2023 டிசம்பர்வரை விற்றார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு குறுந்தகடு வைத்திருப்பவரிடம் இருப்பதும் வெறும் தட்டு. ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் இதிலிருந்து பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் முன்முயற்சிக்குத் தேவையான பத்துலட்சம் கையெழுத்தை 2025 ஜூலையில் அது தாண்டியது. சர்வரை எப்போதும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடக்கூடிய நிலையில் விளையாட்டை விட்டுச்செல்லுங்கள் என்பதே கோரிக்கை. 'காலம் பூராவும் சர்வர் நடத்த முடியுமா' என்று எதிர்க்கேள்வி போடுகிறவர்கள் யாரும் கேட்காத ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"கடைக்காரர் என்ன செய்வார் பாவம், தயாரிப்பாளரோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்பது இன்னொரு சமாதானம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் வழியாக ஸ்டுடியோகனால் நிறுவனப் படங்களை வாங்கியவர்கள் 2022 ஆகஸ்ட் 31 அன்று அவற்றை இழந்ததும் இந்தக் காரணத்தால்தான். அந்த ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது விற்ற நாளிலேயே விற்றவருக்குத் தெரியும். வாங்கியவருக்குத் தெரியாது. தெரிந்தவர் அதை மறைத்து, காலவரையறை எதுவும் சொல்லாமல் முழு விலை வாங்கினால், பின்னால் வரும் நட்டம் யாருடையது? தன்னிடம் ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு இருக்கும் நிலத்தை ஒருவர் கிரயம் எழுதிக் கொடுத்தால் அவரை நாம் பாவம் என்று சொல்வதில்லை.

2009 ஜூலையில் அமேசான் செய்தது இந்த வகையில் முதல் பெரிய பாடம். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் ஒரு குறிப்பிட்ட பதிப்பை, அமெரிக்காவில் உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் விற்றிருந்தார். தெரியவந்ததும் அமேசான் வாசகர்களின் கருவிகளுக்குள் தொலைவிலிருந்தே புகுந்து நூல்களை அழித்தது, பணத்தைத் திருப்பியது. மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவர் வகுப்புக்காக எடுத்திருந்த குறிப்புகளும் அதோடு பயனற்றுப்போயின. அவர் வழக்குப் போட்டார், அமேசான் சமரசம் செய்துகொண்டது. அந்நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அச்சுப் புத்தகத்தில் இதே தவறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உரிமையாளர் பதிப்பாளர்மேல் வழக்குப் போடுவார், மீதிப் பிரதிகள் பறிமுதலாகும். விற்ற பிரதியைத் தேடி வாசகர் வீட்டுக்குள் யாரும் வர மாட்டார்கள். கடைக்கும் பதிப்பாளருக்கும் இடையிலான தகராறை அவர்களே தீர்த்துக்கொள்வதுதான் முறை. அதில் வாசகரின் அலமாரியைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பணம் திரும்பக் கிடைத்தால் போதாதா? மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்நூல் கடையை மூடியபோது முழுத் தொகையையும் திருப்பித் தந்தது. ஓரங்களில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது கண்ணியமான நடத்தை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருந்தும் குறிப்புகள் போயின. ஒரு நூலைப் படித்தவர் அதில் போட்ட அடிக்கோடு, எழுப்பிய கேள்வி, எதிர்த்து எழுதிய ஒரு வரி ஆகியவற்றுக்கு 25 டாலர் என்று ஒருதலையாக விலை வைக்கக் கடைக்காரருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? பிள்ளை பிறந்தபோது வாங்கிய கதைப் புத்தகம், இறந்துபோன நண்பர் பரிந்துரைத்த நாவல் என்று ஒவ்வோர் அலமாரிக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. விருப்பமில்லாதவரிடமிருந்து கொடுத்த விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்வது வியாபாரத்தில் எங்கும் உரிமையாக இருந்ததில்லை.

இன்னொன்று இருக்கிறது. இழப்பைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. காணாமல் போனால் குறைந்தபட்சம் போனது தெரியும். 2023-இல் ரோல்ட் டாலின் குழந்தைக் கதைகளில் பஃபின் பதிப்பகம் பல சொற்களை மாற்றியபோது, பழைய மின்பதிப்பை முன்பே வாங்கியிருந்தவர்களின் கருவிகளிலும் புதிய பாடம் தானாக வந்து உட்கார்ந்ததாகச் செய்தி வந்தது. மாற்றங்கள் நல்லவையா கெட்டவையா என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. நான் வாங்கிய பிரதி என்னைக் கேட்காமல் மாறியது என்பதுதான் விஷயம். தமிழ் படித்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகளில் கிடந்த ஏடுகளை ஒப்புநோக்கித்தான். ஓர் ஏட்டில் சிதைந்தது இன்னொன்றில் முழுசாக இருந்தது. ஒருவர் பிழைபட எழுதியதை மற்றவர் சரியாக எழுதியிருந்தார். அந்த ஏடுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சொந்தம், ஓரிடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே இரவில் திருத்த யாராலும் முடியாது. பாடபேதம் என்று பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் காட்டுவதெல்லாம் அந்தச் சிதறலின் கொடை. எல்லாப் பிரதிகளும் ஒரே சர்வரின் நிழல்களாக இருக்கும் நூலுக்குப் பாடபேதம் இருக்காது. எது திருத்தப்பட்டது என்று ஒப்பிட்டுச் சொல்ல ஒரு பழைய ஏடு மிஞ்சாது.

நமக்கு இது தொலைதூரத்து விவகாரமும் இல்லை. 2016 இறுதியில் கிண்டில் கடை தமிழுக்கு முறையாக இடம் கொடுத்தபின், எத்தனையோ எழுத்தாளர்கள் தங்கள் நூல்களை அங்கே வெளியிட்டார்கள். அச்சுக்குப் போகவே போகாமல் மின்நூலாக மட்டும் இருக்கும் நாவல்கள், சிறுகதைத் தொகுதிகள், ஊர் வரலாறுகள் உண்டு. அவற்றின் ஆயுள் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிக முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைப் பூட்டில்லாமல் கொடுத்துவருகிறது. அதன் கோப்புகள் உலகெங்கும் தமிழர்களின் கணினிகளில் கிடக்கின்றன. நாளை அந்தத் தளம் ஒருநாள் இயங்காமல் போனாலும் புறநானூறு தொலையாது. சமகால எழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது எழுத்தாளர்களையே உறுத்த வேண்டும். கிண்டிலில் சொந்தமாகப் பதிப்பிக்கும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தாளரிடமே கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பது அவர்களுக்கு என் வேண்டுகோள்.

திருட்டு நகல் பெருகிவிடும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. தமிழ்ப் பதிப்பாளர்கள் பி.டி.எஃப். திருட்டால் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் திருட்டு நகல்கள் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தை வருடி எடுத்தவை, பூட்டு அவற்றைத் தடுக்கவே இல்லை. ஐடியூன்ஸ் 2009-இல் பாடல்களிலிருந்து பூட்டை எடுத்தது, பாட்டு விற்பனை அதனால் செத்துவிடவில்லை. அறிபுனைவு வெளியிடும் டார் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாமல் மின்நூல் விற்கிறது, இன்றும் தொழில் நடத்துகிறது. பூட்டு கடைசியில் பிடித்துவைப்பது காசு கொடுத்த நேர்மையான வாசகரை மட்டும்தான். திருடியவரின் நகல் எந்தக் கடை மூடினாலும் திறக்கிறது, வாங்கியவரின் நகல் திறப்பதில்லை. நேர்மைக்கு இப்படியொரு தண்டனை கொடுத்துக்கொண்டே திருட்டைப் பற்றி உபதேசிக்க முடியாது.

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. பின்னால் பறிக்கக்கூடிய உரிமத்தை விற்றுவிட்டு, அதை வாங்குதல் என்று குறிப்பிடக் கூடாது. குறிப்பிட்டால் இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் விளையாட்டுக் கடை அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படியொரு வரியைச் சேர்த்தது. வரவேற்கலாம், ஆனால் இதோடு திருப்தி அடைய நான் தயாரில்லை. பறிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பறிப்பதால் பறிப்பு நியாயமாகிவிடாது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் விதிவிலக்கு. இணையம் இல்லாமலும் நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி பதிவிறக்கித் தருகிற கடைக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை என்கிறது. உண்மையான விற்பனை எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு வரி சரியாக வரைந்துகாட்டியிருக்கிறது.

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பதையும் படம் பார்ப்பதையும் இதில் சேர்த்துக் குழப்ப வேண்டாம். அங்கே சந்தா நின்றால் சேவை நிற்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும், அது வாடகை. நான் பேசுவது ஒருமுறை விலை கொடுத்து, காலவரையறை சொல்லப்படாமல் வாங்கியதைப் பற்றி. அங்கே இந்தியாவில் மூன்று காரியம் நடக்க வேண்டும். கணக்கு இருக்கும்வரை, கடை இயங்கும்வரை, மறுபதிவிறக்கம் வாங்கியவரின் உரிமை என்று விதி வேண்டும். நூலோ படமோ விற்பனையிலிருந்து விலக்கப்பட்டாலும் அது பொருந்த வேண்டும். கடையை மூடுகிறவர் போதிய அவகாசம் கொடுத்து, பூட்டில்லாத கோப்பையும் வாசகரின் குறிப்புகளையும் ஒப்படைத்துவிட்டே மூட வேண்டும். தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் இதற்கு இடம் வைக்காத கடை வாங்குதல் என்ற பெயரில் எதையும் விற்கக் கூடாது. மூன்றாவது, பாதுகாப்பு நகல். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிராக ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே சொல்கிறது. மென்பொருளுக்கு இருக்கும் இந்தச் சாதாரண நீதியை மின்நூலுக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் வெளிப்படையாக நீட்டிக்க, ஒரு திருத்தம் போதும்.

திருத்தம் வரும்வரை கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம். 2023 நவம்பர் 30 அன்று வெளியான ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய நெறிமுறைகள் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. ஒரு செயலுக்கு ஒரு விளைவைக் காட்டி ஆசைப்படுத்திவிட்டு வேறொரு விளைவைக் கையில் திணிப்பது அவற்றுள் ஒன்று. 'வாங்கு' என்று பொத்தானில் எழுதி, அழுத்தியவரிடம் எப்போது வேண்டுமானாலும் பறிக்கத்தக்க உரிமத்தைக் கொடுப்பது அந்த வரையறைக்குள் வராவிட்டால் வேறு எது வரும்? யாரும் புகார் தராமலேயே, தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. இந்தியாவில் மின்நூலும் படமும் விளையாட்டும் விற்கும் ஒவ்வொரு கடையிடமும் அது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: நீங்கள் மூடும் நாளில் வாங்கியவர் கையில் என்ன இருக்கும்?